தாய்மாமன் சீராக ஒரு கணையம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மனிதக் கணையத்துச் செல்களை இன்சுலின் சுரக்கப் பழக்குகிற இடம். ஒரு மதியம், ரோஸ்மில்க் நிறத்தில் திரவம் நிறைந்த சின்னத் தட்டு ஒன்றைக் கையில் ஏந்தி, வெள்ளைக் கோட்டோடு படம் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் மரியாதையான மனுஷன். படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதினேன்: “அபி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் ரெடி.”

வேடிக்கைக்குத்தான் எழுதினேன். சிரிக்கிற முகம் ஒன்றைக்கூடப் பக்கத்தில் போட்டேன். ஆனால் எங்கள் குழுவில் சாவுச் செய்திக்குக்கூடச் சிரிக்கிற முகம் போடும் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அதனால் அந்த முகத்துக்கு அங்கே அர்த்தமே கிடையாது என்பதை மறந்துவிட்டேன்.

அபி என்கிற அபிராமி என் அக்கா மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. தின்று பெருத்து வருகிற வகை அல்ல. அவள் உடம்பின் காவல்காரர்களே அவள் கணையத்தில் இன்சுலின் சுரந்துகொண்டிருந்த செல்களைத் திருடன் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஊசி. இப்போது கும்பகோணத்தில் ஒரு வங்கியில் வேலை, தங்குவதும் அங்கேதான். மயிலாடுதுறையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வா என்று அக்கா கூப்பிட்டாள். விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டென்மார்க்கில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ‘இன்று நல்ல வெயில்’ என்று சொன்னால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே கார் ஓட்டுநர் என் பெட்டியைத் தூக்குவதற்குள் என் சம்பளம், பிள்ளைகள், முன்மண்டையில் முடி போன காரணம் மூன்றையும் விசாரித்துவிட்டார். காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்தேன். சிக்கனம் என்று நினைக்காதீர்கள். கேள்விகளுக்குப் பயந்து. அதுவும் முட்டாள்தனம்தான். காரில் கேள்வி கேட்க ஒருவர். பேருந்தில் ஐம்பது பேர்.

சம்பா அறுவடை நேரம். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஓட்டுநர் அதை ஒட்டி ஒதுங்கி, ஒரு மணிகூடச் சக்கரத்தில் படாமல் ஓட்டினார். எதிரே வந்த மனிதர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் கேட்டார்.

“எங்க இறங்கணும்?”

“திருக்காட்டுப்பள்ளி தாண்டிங்க.”

“யாரு வீடு?”

அத்தான் பேரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “அட, கணையம் கொண்டு வர்ற தம்பியா நீங்க!”

எனக்குப் புரிவதற்குள் அவர் தன் கூடையை என் பையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். நின்றுகொண்டிருந்தவரை அதட்டினார். “பாத்து நில்லுப்பா, மேல சாயாத. பைக்குள்ள கணையம் இருக்கு.”

பைக்குள் இருந்தது ஒரு டப்பா வெண்ணெய் பிஸ்கட். அபியின் கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கிற சென்சார்கள் சில. மாற்று உடுப்பு. ஆனால் நின்றவர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கும்வரை என் பையைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அக்கா வாசலில் ஆரத்தி எடுத்தாள். எனக்கா பைக்கா என்று தெரியவில்லை. காபிகூடக் கொடுக்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே மற்ற தட்டுகளில் கீரையும் தயிரும் நேற்றைய குழம்பும் பிதுங்கிக்கொண்டிருக்க, ஒரு தட்டு மட்டும் சுத்தமாகக் காலியாக இருந்தது. மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தாள். ஓரத்தில் சந்தனமும் குங்குமமும்.

“வை” என்றாள்.

“என்னத்தைக்கா?”

“சீரை.”

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். டென்மார்க்கில் எங்கள் செல்களுக்கு இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம், மூன்று விதமான அலாரம் எல்லாம் உண்டு. யாரும் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்ததில்லை.

“அக்கா, அது ஃப்ரிட்ஜில வைக்கிற பொருள் இல்ல. அதுக்கு உடம்புச் சூடு வேணும். குளிர்ல வச்சா செத்துப்போயிடும்.”

“அப்ப மடியில வச்சுக்கட்டுமா?”

அவள் கேலி செய்யவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தயாராகவே இருந்தாள். “நான் எதுவும் கொண்டு வரலக்கா. அது சும்மா வேடிக்கைக்குப் போட்டேன்” என்றேன். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அக்கா மூடவில்லை.

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அந்தப் படத்தை அக்கா அனுப்பியிருக்கிறாள். போன் போட்டும் சொல்லியிருக்கிறாள்: “என் தம்பி கொண்டு வர்றான். கல்யாணத்துக்கு முன்னாடி ஊசி நின்னுடும்.”

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“‘அப்படியா’ன்னாங்க. அவங்க அவ்வளவுதான் பேசுவாங்க.”

“உண்மையைச் சொல்லிடுவோம்க்கா.”

“ஏற்கெனவே ரெண்டு இடம் ஊசின்னதும் எழுந்து போயிட்டாங்கடா. இந்தப் பையனை அவளுக்குப் பிடிச்சிருக்கு. இதுவும் போச்சுன்னா நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

வாயைத் திறந்தால் வேடிக்கை மட்டுமே வருகிற ஆள் நான். அப்போது அதுவும் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. சர்க்கரை உள்ள ஊர்க்காரர்கள். ஒருவர், “எனக்கு நிறைய வேணாங்க தம்பி, அந்தப் புள்ளைக்குப் போக மிச்சம் இருந்தா ஒரு சொட்டு” என்றார். இன்னொருவர் கையில் மூடியோடு சின்னத் தூக்குப் பாத்திரமே இருந்தது. பெரும்பாலோருடையது இரண்டாம் வகை, அவர்கள் கணையம் இன்னும் வேலை செய்கிறது, வேலை நிறுத்தத்தில் இருக்கிறது அவ்வளவுதான், நடந்தாலும் சோற்றைக் குறைத்தாலும் வழிக்கு வரும் என்று சொன்னேன். “இதைச் சொல்லவா அவ்வளவு தூரத்திலேருந்து வந்தீங்க? இங்க இருக்கிற டாக்டரே சொல்றாரே” என்று தூக்குப் பாத்திரக்காரர் கிளம்பிவிட்டார்.

அத்தான் மட்டும் கோபப்படவில்லை. வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இல்ல மாப்ள, தெரியாமத்தான் கேக்குறேன். நீ அங்க பண்றது விதையா, நாத்தா?”

நல்ல கேள்வி. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிற பெரிய மனிதர்கள்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. “ரெண்டும் இல்லத்தான். கட்சி மாத்துறோம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கம் இந்த விஷயத்தில் ஆர்வம் இல்லாதவர் கிடையாது.

“கணையத்துல ரெண்டு கட்சி உண்டுத்தான். ஒண்ணு இன்சுலின் சுரந்து சர்க்கரையைக் குறைக்கும். இன்னொண்ணு எதிர்க்கட்சி, சர்க்கரை ரொம்ப இறங்கிப்போனா ஏத்திவிடும். ரெண்டும் இருந்தாத்தான் உடம்பு ஓடும். அபிக்கு ஆளுங்கட்சி மொத்தமா அழிஞ்சுபோச்சு. எதிர்க்கட்சி அப்படியே இருக்கு. அந்த எதிர்க்கட்சிக்காரங்கள்ல கொஞ்சம் பேரைப் பிடிச்சு, அவங்க உள்ளே இருக்கிற சில விசைகளைத் தட்டி, இன்சுலின் சுரக்க வைக்கிறோம்.”

“சுரக்குதா?”

“சுரக்குது. சர்க்கரையைக் காட்டினா சுரக்குது, எடுத்தா நிறுத்துது. என் கண்ணால பார்க்கிறேன்.”

அத்தான் கொஞ்சம் யோசித்தார். “கட்சி மாறினவன் திரும்ப மாற மாட்டான்னு என்ன உத்தரவாதம்?”

“அதைத்தான் இப்ப பாத்துட்டிருக்கோம்.”

“பழைய கட்சிக்காரனை அடிச்ச அதே ஆளுங்க இவனையும் அடிக்க மாட்டாங்களா?”

“அதையும் பாத்துட்டிருக்கோம். வேற சில இடத்துல வேற வழியில செல் செஞ்சு மனுஷங்களுக்கு வச்சுப் பார்த்திருக்காங்க. ஊசியே வேணாம்னு ஆனவங்களும் இருக்காங்க. ஆனா அந்த அடியாளுங்களை அடக்கி வைக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும். அது தேவைப்படாத மாதிரி செய்யத்தான் உலகம் பூரா மண்டையை உடைச்சுக்குது. வரும்த்தான். சத்தியமா வரும். இந்தக் கல்யாணத்துக்கு வராது.”

“சரி, இதுல உன் வேலை என்ன?”

இந்தக் கேள்வி வராமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சமையல்” என்றேன். விசை தட்டுகிறவர்கள் விஞ்ஞானிகள். செல்களுக்கு வேளாவேளைக்குப் பழைய ரோஸ்மில்க்கை எடுத்துவிட்டுப் புது ரோஸ்மில்க் ஊற்றுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. செல்களுக்குப் பசி ஞாயிறு பார்ப்பதில்லை. அத்தான் பெரிதாகச் சிரித்தார். உள்ளே அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் கும்பகோணம் போனேன். டவுன் பஸ்ஸில் ஒரு கால் என்னுடையது, இன்னொன்று யாருடையது என்று தெரியாத அளவுக்குக் கூட்டம். பாத்திரக் கடைத் தெருவில் ஒரு ஆள் தலைக்கு மேல் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு எதிரே வந்தார். வழி விட்டு ஒதுங்கியதில் வெற்றிலைக் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். “இந்த சாரா கணையத்தைப் பத்திரமா கொண்டு வந்தவரு?” என்று கேட்க அங்கே யாரும் இல்லாதது ஒரு நிம்மதி.

அபி மதிய இடைவேளையில் ஒரு காபி கிளப்புக்கு வந்தாள். ரவா தோசைக்குச் சொல்லிவிட்டு, கைபேசியில் சென்சார் காட்டிய எண்ணைப் பார்த்தாள். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, மேஜைக்கு அடியில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நூறு கருவி வைத்துச் செல்களுக்குச் சொல்லிக்கொடுக்க முயல்கிற காரியம் அது: எவ்வளவு சர்க்கரை வருகிறது, எவ்வளவு இன்சுலின் விட வேண்டும். இந்தப் பெண் அதைத் தோசை வருவதற்கு முன்னால் தலையாலேயே செய்துகொண்டிருக்கிறாள், பன்னிரண்டு வயதிலிருந்து.

விஷயத்தைச் சொன்னேன். படம் அவளுக்குத் தெரியும். அம்மா அதை மயிலாடுதுறைக்கு அனுப்பியது தெரியாது. தோசையைப் பிய்த்த கை நின்றது.

“சரவணன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன் மாமா, ஊசி போடுறேன்னு. அவர் அவங்கம்மாகிட்டயும் சொல்லிட்டார். அவங்க சரின்னு சொன்னதா நினைச்சேன். இப்பத்தானே தெரியுது, நிக்கப் போற ஊசிக்குச் சரின்னு சொல்லியிருக்காங்க.”

“நாளைக்கு நான் போய்ச் சொல்லிடுறேன் அபி.”

“அவரை எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. அதனாலதான் பயமா இருக்கு.” தோசையை முடித்தாள். ஊசி போட்டாகிவிட்டதே, சாப்பிடாமல் இருக்க முடியாது. பயந்தாலும் அழுதாலும் தட்டைக் காலி செய்தாக வேண்டும். பிறகு என்னைப் பார்த்தாள். “நானும் வர்றேன். உங்களைத் தனியா அனுப்பினா இன்னொரு சீர் சொல்லிட்டு வருவீங்க.”

நிச்சயத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மயிலாடுதுறைப் பேருந்து. அபி ஜன்னலோரம், அவள் பை என் மடியில். பையின் வெளி அறையில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று இருந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ஆடுதுறை வருவதற்குள் அந்தப் பொட்டலம் காலி.

குத்தாலத்துக்கு முன்னால் பேருந்து நின்றது. வாய்க்கால் பாலத்தின் குறுக்கே ஒரு அறுவடை மெஷின், போகவும் முடியாமல் வரவும் முடியாமல் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. பேருந்து மொத்தமும் இறங்கி யோசனை சொல்லப் போய்விட்டது. “கூலிக்கு ஆள் வச்சு அறுத்த காலத்துல ரோடு அடைச்சதுண்டா?” என்றார் ஒருவர். “அப்ப நீ அறுக்கப் போயிருந்தியா? வரப்புல நின்னு வெத்தலை போட்ட ஆளுதானே” என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளை சரவணனுக்கு அறுவடை மெஷின்தான் தொழில். “அவங்களோடதா?” என்று அபியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“இல்ல மாமா. அவங்க மெஷின் பச்சை” என்றாள். குரல் ஒரு மாதிரி குழறியது. திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, விரல்கள் நடுங்கின. அதே நேரம் அவள் கைபேசி அலறியது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, பதற்றத்தில் ஒரு இட்லியோடு எழுந்திருக்கிறாள். பேருந்தும் நின்றுவிட்டது. சர்க்கரை கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

“பையில மிட்டாய் இருக்கு மாமா, எடுங்க.”

என் வாயில் கடைசி மிட்டாய் பாதி கரைந்த நிலையில் இருந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. “சக்கரை, சக்கரை!” என்று கத்தினேன். “டீயா காபியா?” என்றார் மாஸ்டர். “சக்கரை மட்டும்!” “அப்படி விக்கிறது இல்லிங்க.” விளக்கம் சொல்ல நேரமில்லை. சர்க்கரை டப்பாவை, உள்ளே கிடந்த கரண்டியோடு, தூக்கிக்கொண்டு ஓடினேன். மாஸ்டர் வடிகட்டியோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

பேருந்துக்குள் தண்ணீர் பாட்டிலில் சர்க்கரையைக் கொட்டிக் குலுக்கி அபிக்குக் கொடுக்கும்போது, பின் இருக்கையிலிருந்து ஒரு பெண்மணி என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். “சுகர் இருக்கிற புள்ளைக்குச் சக்கரையை ஊத்துறியே, பாவி! நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

அபி மடக் மடக்கென்று குடித்தாள். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். மாஸ்டர், அந்தப் பெண்மணி, நான், மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றோம். உலகத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள். அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது ஒரு அலுமினியக் கரண்டி மட்டும். செல்களுக்கு வேளை தவறாமல் சோறு போடுகிறவன், இந்தப் பிள்ளையின் மிட்டாயைத் தின்றுவிட்டு நிற்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “கணையம் கொண்டு வாங்கன்னா, இருந்த மிட்டாயையும் தின்னுட்டீங்க” என்றாள்.

மாஸ்டருக்கு விஷயம் புரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். கரண்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பின் இருக்கைப் பெண்மணி மயிலாடுதுறை வரும்வரை என்னைக் கண்காணித்துக்கொண்டே வந்தார்.

மாயூரநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாப்பிள்ளை வீடு. அபி போனில் சொல்லியிருந்ததால் சரவணன் வாசலில் நின்றான். தலையெல்லாம் வைக்கோல் தூசி, வயலிலிருந்து நேராக வந்திருக்கிறான். அப்பா இல்லாத வீடு. அம்மா வளர்மதி இட்லி, தோசை மாவு அரைத்து அந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போடுகிறவர். கூடத்திலேயே பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ். “தண்ணி சில்லுனு வேணுமாங்க? கடையிலதான் வாங்கணும்” என்றான் சரவணன். “இதுல மாவைத் தவிர எதுக்கும் இடம் கிடையாது. என் தண்ணி பாட்டிலையே தூக்கி வெளிய வச்சுடுவாங்க.”

வளர்மதி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“கொண்டு வந்தாச்சா?”

கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. “இல்லீங்க! கொண்டு வரல! கொண்டு வரவும் முடியாது!”

அவர் போய்க் கிரைண்டரை நிறுத்தினார். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. நான் சொன்ன கடைசி வார்த்தை தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

“அக்கா உங்ககிட்ட சொன்னது தப்புங்க. அவங்க மேல குத்தம் இல்ல, படத்தைப் போட்டு வேடிக்கையா எழுதினது நான். அந்த வேலை நடக்குதுங்கிறது நெசம். ஆனா அது இன்னும் மனுஷங்களுக்குக் கொடுக்கிற நிலைக்கு வரல. அபிக்கு ஊசி நிக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியும் நிக்காது, பின்னாடியும் எப்பன்னு என்னால சொல்ல முடியாது.”

“கல்யாணத்துல என்னங்க வேடிக்கை?” என்றார்.

நான் பையைத் தரையில் இறக்கி வைத்தேன்.

“ஊசி போடுது புள்ளைன்னு சரவணன் சொன்னான். சரின்னேன். அப்புறம் நிக்கப் போவுதுன்னு நீங்க சொன்னீங்க. நான் கேட்டனா? கேக்கல. நீங்களா சொன்னீங்க. மாவு வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். இப்ப யாரு பொய் சொன்னதாகும்?”

சரவணன் “அம்மா” என்றான். “நீ சும்மா இரு” என்றார்.

அபி முன்னால் வந்து நின்றாள். “நானே சொல்லிடுறேன்ங்க. தினம் நாலு ஊசி. சில நாள் அஞ்சு. சில சமயம் சர்க்கரை இறங்கிடும், இன்னைக்கு பஸ்ல இறங்குச்சு, அப்ப யாராவது பக்கத்துல இருந்து இனிப்பு குடுக்கணும். இவர் மாதிரி அதைத் தின்னுடக் கூடாது.” அந்த நேரத்திலும் என்னை விடவில்லை. “குழந்தை பெத்துக்கலாம், டாக்டர் பக்கத்துல இருந்து கவனிக்கணும். வேலைக்குப் போவேன், சமைப்பேன், சண்டையும் போடுவேன். மாமா செய்யிற மருந்து என்னைக்காவது வந்தா முதல் ஆளா போய் நிப்பேன். வரலைன்னாலும் நான் இப்படித்தான் இருப்பேன். இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க. இல்லைன்னாலும் இப்பவே சொல்லிடுங்க.”

சரவணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சம்மதம் அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அந்த வீட்டில் கிரைண்டரை நிறுத்துகிறவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வளர்மதி அம்மா என் பக்கம் திரும்பினார். “நெசமாவே வருமா அது?”

“வரும்ங்க. நான் அங்க சமையல்காரன்தான். ஆனா தினமும் பக்கத்துல இருந்து பார்க்கிறவன். நான் போன புதுசுல அந்தச் செல்லுங்க நாலு நாள் தாங்காம செத்துப்போகும். இப்ப சர்க்கரையைப் பார்த்தா என்ன செய்யணும்னு அதுங்களுக்கே தெரியுது. எந்த வருஷம்னு சொல்ல மாட்டேன். ஒருதரம் சொல்லிப் பட்டது போதும். ஆனா வரும்.”

அவர் கிரைண்டரில் பாதி அரைபட்டுக் கிடந்த உளுந்தைக் கையால் தள்ளிப் பதம் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டே அபியிடம் கேட்டார்.

“அந்த மருந்தெல்லாம் எங்க வச்சிருக்க?”

“ஃப்ரிட்ஜிலங்க. ஐஸ் பெட்டியில வைக்கக் கூடாது, நடுத்தட்டுல. நிறைய இடம் வேணாம்.”

அவர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று மாவுப் பொட்டலங்கள், விரல் நுழைய இடமில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஃப்ரிட்ஜ் அக்கா வீட்டில் கத்தியது மாதிரியே கத்த ஆரம்பித்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்ப… நிச்சயதார்த்தம்ங்க?” என்று கேட்டேன்.

“நடுத்தட்டு மாவை எடுத்துடுறேன்.”